கூட ஒரு ஆள் வரட்டும்

வாசகர் கேள்விகள், சிஸ்டர் அக்கா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மனசு சம்பந்தப்பட்டவை. அதனால் சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. 34 வருடம் அரசு மருத்துவமனைகளில் செவிலியர் வேலை, அதில் 12 வருடம் மனநல வார்டில். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. தெருவில் இன்னும் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். கடிதம் எழுதியவர்களின் பெயர், தெரு, அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். போன வருடம் கடலில் அவரோடு வேலை பார்த்த ஒரு பையன் தவறி விழுந்துவிட்டான். உடல் கிடைக்கவே இல்லை. அதிலிருந்து இவருக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. திடீரென்று எழுந்து அந்தப் பையன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். குடி இரண்டு மடங்காகிவிட்டது. தடைக்காலத்தில் வீட்டிலேயே கிடந்ததில் இன்னும் மோசம். டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் என்ன பைத்தியமா, கீழ்ப்பாக்கம் அனுப்பப் பாக்குறியா" என்கிறார். நான் என்ன செய்வது அக்கா?
பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தங்கச்சி, உடல் கிடைக்காத சாவு முடியாமலே நிற்கும். குளிப்பாட்டி, மாலை போட்டு, எடுத்துப் போய், பதினாறாம் நாள் வரைக்கும் ஒவ்வொன்றாகச் செய்யும்போதுதான் ஆள் போய்விட்டான் என்று மனசுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் எதுவும் வாய்க்கவில்லை. அவர் டிரைவர் வேறு. ஏற்றிக்கொண்டு போன எல்லாரையும் கரை சேர்க்க வேண்டியவன் நான் என்ற நினைப்பு எந்த டிரைவருக்கும் இருக்கும். ராத்திரியில் அவர் அந்தப் பையனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், நம் பக்கத்துக் கடலோர முகாம் ஒன்றில் என்னை மூன்று வாரம் போட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் கிழிந்த வலைத்துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வலை ஊசியால் முடிச்சுப் போடுவார், உடனே பிரிப்பார், திரும்பவும் போடுவார். சோறு வந்தாலும் நிமிர மாட்டார். நாங்கள் மாற்றி மாற்றிப் போய், "மனசுல இருக்கிறதச் சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினோம். ஒரு பலனும் இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த பெரியவர் ஒன்றுமே கேட்கவில்லை. எதிரில் போய் உட்கார்ந்து வலையின் இன்னொரு ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எதிர்முனை இறுக்கமாக இருந்தால்தான் கண்ணி சமமாக விழும், அது உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் அவர் போட்ட முடிச்சைப் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தன் மகளுடைய பெயரைச் சொன்னார். நர்சிங் படிப்பில் எனக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அதனால் முதலில் எதிர்முனையைப் பிடிக்க ஒரு ஆளைத் தேடுங்கள். அவரோடு பல வருடம் கடலுக்குப் போன டிரைவர் ஒருவர் இருப்பார். அவரிடம் நடப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாயங்காலம் வந்து கரையில் உட்காரட்டும், பாட்டில் இல்லாமல். புத்திமதி ஒன்றும் வேண்டாம். கடலில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் காசிமேட்டில் எத்தனையோ பேர் உண்டு. அந்த ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, அந்தப் பையனின் அம்மா. உங்கள் வீட்டுக்காரர் அந்த வீட்டுப் படி ஏறினாரா? ஏறியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், முகத்தில் முழிக்கப் பயம் இருக்கும். முன்னாடியே நீங்கள் தனியாகப் போய் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால், படம் வைத்து விளக்கேற்றும் நாளிலோ, சர்ச்சில் பூசை வைக்கும் நாளிலோ, படகில் கூட இருந்த இரண்டு பேரோடு இவர் போகட்டும். அந்த அம்மா இன்னும் தயாராக இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்கு, "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை, தூக்கம்தானே முதலில் போனது. ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் வருகிறவர்கள் நுழைகிற அதே வாசல், மாத்திரைக்கும் காசு இல்லை. கீழ்ப்பாக்கம் என்று அவர் சொன்ன அந்த மருத்துவமனையின் ஆரம்பம் 1794. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகத் தூக்கம் போனவர்களைத் தூங்கவைத்த இடத்தின் பெயரை ஊர் வசவாக்கி வைத்திருப்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்காதீர்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வேர்வை, இல்லாத ஆள் தெரிவது, சிலருக்கு வலிப்பு கூட வரும். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அப்புறம் உங்களுக்கும் ஒரு இடம் வேண்டும். குடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் பேச உட்கார்ந்ததில் தொடங்கியது. சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. வீட்டுக்காரர்கள் குடிக்கிற பெண்களுக்கு, குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்கள் போங்கள்.

*

கேள்வி: நாங்கள் கேரம் கிளப் பசங்க. எங்களில் ஒருவன் மூன்று வருடமாக போலீஸ் செலக்‌ஷனுக்கு எழுதுகிறான். இந்த முறையும் வரவில்லை. போன வாரம் அவனுடைய ஸ்டிரைக்கரை என் கையில் கொடுத்து "இனிமே நீயே வச்சுக்கோ" என்றான். வாட்ஸ்அப்பில் "எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்று ஸ்டேட்டஸ். பயமாக இருக்கிறது. நேராகக் கேட்டால், அவனுக்கு இல்லாத எண்ணத்தை நாங்களே ஏற்றிவிட்ட மாதிரி ஆகிவிடுமா? வெளியே சொன்னால் அவன் மேல் கேஸ் வருமா?
வியாசர்பாடி

பதில்: தம்பிக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே பதில் போய்விட்டது. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

கேளுங்கள். நேராகவே கேளுங்கள். "டேய், செத்துடலாம்னு தோணுதா உனக்கு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பவனுக்கு, இதை ஒருத்தன் வாய்விட்டுக் கேட்டானே என்று மூச்சு வரும். மனநல வார்டில் எத்தனையோ பேர் என்னிடம் சொன்னது: "ஒருத்தரும் கேக்கல சிஸ்டர்." ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, திடீரென்று எல்லாருக்கும் நன்றி சொல்வது, இரண்டும் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். அதைக் கண்டுபிடித்த உங்கள் கண்ணுக்குத் திருஷ்டி சுற்ற வேண்டும்.

கேட்டபின் நடுவில் பேசாதீர்கள். "உங்க அம்மாவ நினைச்சுப் பாத்தியா", "ஆம்பளையா இரு", "எனக்கு இதவிடப் பெரிய கஷ்டம்", இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடக்கூடாது. ஆபத்தாகும் பொருள் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபடி வீட்டாரிடம் சொல்லி எடுத்து வையுங்கள். "யார்கிட்டயும் சொல்லாத" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். உன் ரகசியத்தைவிட நீ எனக்கு வேணும் என்று சொல்லிவிடுங்கள்.

எந்த நேரமும் பேச 14416, அரசின் டெலி மானஸ் எண், 2022லிருந்து இருக்கிறது. தமிழக அரசின் 104ம் உண்டு. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986ல் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி.

கேஸ் பற்றி: 2017ம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 115வது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபித்தால் ஒழிய அவர் மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் கவனிப்பும் கொடுப்பது அரசின் கடமை. இது தெரியாமல், போலீஸ் வருமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருந்து தாமதமாகக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை இந்தத் தம்பியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. போர்டில் பவுடர் தூவிக்கொண்டே கேட்டானாம். அவன் பதில் சொல்லாமல் பத்து நிமிடம் காய்களை வட்டமாக அடுக்கிக்கொண்டே இருந்து, அப்புறம் ஆமாம் என்றானாம். நான்கு பேர் பாய் எடுத்துக்கொண்டு அவன் வீட்டு மொட்டை மாடியில் முறை வைத்துப் படுத்திருக்கிறார்கள். மறுநாளே அவன் அம்மாவும் இரண்டு பசங்களும் கூடப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டார்கள். மாத்திரை தொடங்கியிருக்கிறது. தம்பிகளே, இந்த மாத்திரை வேலை செய்யவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரைக்கும் மொட்டை மாடி முறையை விட்டுவிடாதீர்கள். ஸ்டிரைக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா, அதை எழுதவே இல்லையே?

*

கேள்வி: எங்கள் கடன் குழுவில் பத்துப் பேர். ஒருத்தியின் கணவருக்கு விபத்து. மூன்று தவணையாக அவள் கட்டவில்லை. வசூலுக்கு வருகிற ஆள் எங்களையும் சேர்த்துக் கேவலமாகப் பேசினான். அந்தக் கோபத்தில் நாங்கள் எல்லாரும் அவள் வாசலில் போய்க் கத்திவிட்டோம். இப்போது அவள் கதவைத் திறப்பதில்லை, தண்ணி பிடிக்கவும் வருவதில்லை. மனசு உறுத்துகிறது. ஆனால் அவள் பணத்தையும் நாங்கள்தானே சிஸ்டர் கட்டுகிறோம்?
கொருக்குப்பேட்டை

பதில்: உங்கள் கோபத்தை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன் அம்மா. பூ கட்டியும் பாத்திரம் தேய்த்தும் சேர்த்த காசு அது. ஆனால் அடி பம்பில் அவள் குடம் இல்லை என்பதைக் கவனித்தீர்கள் பாருங்கள், இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

படித்ததும் இன்றைக்கே போங்கள். பத்துப் பேராகப் போகாதீர்கள், இரண்டு பேர் போதும். குழு நோட்டு கையில் இருக்கக் கூடாது. இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு போய், "தண்ணி கொண்டாந்திருக்கேன், குடத்த வாங்கிக்கோ" என்று கதவைத் தட்டுங்கள். கடனைப் பற்றிப் பேசாதீர்கள். அன்றைக்குக் கத்தினது தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, கணவருக்குக் கட்டு மாற்ற யார் போகிறார்கள் என்று கேளுங்கள். அவள் முகத்தைப் பாருங்கள். தலை வாரியிருக்கிறாளா, அடுப்பு எரிந்திருக்கிறதா. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்திருந்தால் அது வெறும் வெட்கம் என்று விட்டுவிடக் கூடாது. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி ஒரு சொல் வாயில் வந்தாலும் சரி, மேலே வியாசர்பாடித் தம்பிக்கு எழுதியதெல்லாம் இவளுக்கும் பொருந்தும். அன்றைக்கே ஒருத்தி அவளோடு தங்கி, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். சின்னக் கடன் கொடுக்கும் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022ல் விதிகள் போட்டிருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொல்லைப்படுத்தக் கூடாது. வசூல் இரண்டு தரப்பும் பேசி வைத்த பொது இடத்தில்தான். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வசூல் ஆள் வீட்டுக்கு வரலாம். மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழக அரசும் 2025ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

அடுத்த முறை அந்த ஆள் வரும்போது பத்துப் பேரும் ஒன்றாக நில்லுங்கள், அவளையும் நடுவில் நிறுத்திக்கொண்டு. தவணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918ல் உங்கள் பக்கத்துப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளை வைத்துத்தான் தொடங்கியது. சேர்ந்து நின்று பேசுவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதுசு இல்லை.

*

கேள்வி: 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் தண்ணியோடு எண்ணெயும் வந்தது. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு வெள்ளையடித்தும் தெரிகிறது. இப்போதும் மழை பிடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிடுகிறது. மகன் சிரிக்கிறான். இது நோயா?
எண்ணூர்

பதில்: அம்மா, மகனைச் சிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மிக்ஜாம் புயலும் எண்ணெய்க் கசிவும் ஒன்றாக வந்த அந்த வாரம், முகத்துவாரத்து ஊர்களுக்கு நானும் போயிருந்தேன். வலை, படகு, கோழி, பாத்திரம் எல்லாம் கறுப்பு. அந்த வாசனை மூக்கை விட்டுப் போக எனக்கே ஒரு வாரம் ஆனது. நீங்கள் அதிலேயே படுத்து எழுந்தவர். மழைச் சத்தம் கேட்டதும் உடம்பு, "திரும்ப வருது, தயாரா இரு" என்று உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறது.

படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். தரையில் பாதத்தை அழுத்தி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடி, உயரத்தில் வைத்துவிடுங்கள். தண்ணி வந்தால் எந்த மாடிக்குப் போவது, முதலில் யார் யாருக்குப் போன் செய்வது என்று பக்கத்து வீட்டோடு பேசி வையுங்கள். அப்படிப் பேசி வைத்த பின்னால் பாதிப் படபடப்பு குறைந்தது என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் பிறகும் மழை இல்லாத நாளில்கூடத் தூக்கம் கெடுகிறது, அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்ணுக்கு வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

*

கேள்வி: என் அக்கா மகளுக்குத் தனியாகப் பேசிச் சிரிக்கும் பழக்கம். காத்து கருப்பு என்று தர்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள். தப்புதானே?
தண்டையார்பேட்டை

பதில்: போகட்டும். மந்திரித்த கயிறு மாத்திரைக்கு எதிரி இல்லை. அங்கே அக்காவுக்கும் ஒரு ஆறுதல் கிடைக்கிறது, அதைப் பிடுங்காதீர்கள். கூடவே மருத்துவரும் வேண்டும், அதில் நாள் கடத்தக் கூடாது. சீக்கிரம் தொடங்கினால் அந்தப் பெண் படிப்பைக்கூட விடாமல் தொடரலாம்.

ஆனால் கட்டிப்போடும் இடம் எதுவானாலும் கையைப் பிடித்துத் திருப்பி அழைத்து வாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அன்றைக்கு வார்டில் வேலைக்கு வந்த நாங்கள் யாரும் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது சங்கிலியால் கட்டுவது சட்டப்படி அடியோடு தடை. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்கும்படி பின்னாளில் ஏற்பாடு செய்தார்கள். அதை உங்கள் அக்காவிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் ஹவுசிங் போர்டில் நாலு பெண்கள் சேர்ந்து, கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வந்து பேச ஒரு இடம் வைக்கலாம் என்று நினைக்கிறோம். நாங்கள் யாரும் பத்தாவது தாண்டவில்லை. எங்களால் முடியுமா?
புளியந்தோப்பு

பதில்: முடியும். ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006ல், ஹராரே நகரத்தில் ம்பாரே என்கிற ஏழைகள் பகுதியில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் பக்கத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. பாட்டி ஒரு ஓரம், கஷ்டத்தோடு வந்தவர் ஒரு ஓரம். மனச்சோர்வுக்கு அவர்கள் பாஷையில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள், அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். நம் ஆயாக்களும் "ரொம்ப யோசன பண்றா" என்றுதானே சொல்வார்கள். பாட்டி கேட்பார், வந்தவரின் பல கஷ்டங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வாரம் இதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே சொல்ல வைப்பார். 573 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2016ல் வெளிவந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது.

எங்கள் தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் கூடுவதை முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட வராண்டா, ஒரு பிளாஸ்க் டீ. முதல் மூன்று மாதம் இரண்டே பேர்தான் வந்தார்கள். அதற்கு நான்தான் காரணம். மன அழுத்தம் என்றால் என்ன என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது, பேச முடியவில்லை. அன்றைக்குத்தான் மீன் விற்கும் அம்மா ஒருவர் தன் மகனைப் பற்றி வாய் திறந்தார். அடுத்த வாரம் அவரே மூன்று பேரைக் கூட்டி வந்தார்.

நாங்கள் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டது கொஞ்சம்தான். அங்கே கேட்டது படிக்கட்டு இறங்கக் கூடாது. ஹவுசிங் போர்டில் சுவருக்குச் சுவர் காது இருக்கும், உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒருமுறை எங்களில் ஒருவர் வெளியே சொல்லி, ஒரு பெண்ணின் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. அடுத்தது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. கை நடுக்கம், வாய் உலர்வது மாதிரி இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மருந்து தருவார். கூட்டத்தில் பணம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஓ.பி. நேரம் தெரிந்த ஒருத்தி எப்போதும் இருக்க வேண்டும், கூடப் போக முறைப் பட்டியலும் வேண்டும்.

அந்தக் கூடப் போவது, அதுதான் எங்கள் கூட்டத்தின் பாதி வேலை. தனியாக ஓ.பி. வரிசையில் நிற்பவர் பாதியில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், நான் 12 வருடம் பார்த்தது. நம் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் கூப்பிடாமலே ஷாமியானா, நாற்காலி, டீ, மாலை எல்லாம் வந்துவிடும். அந்தக் கைகளை ஒரு மாதத்தில் ஒரு காலை நேரம் மட்டும் ஓ.பி. வரிசைக்குக் கேளுங்கள். வருவார்கள்.

*

கேள்வி: மூன்று மாதம் முன்னால் இந்தப் பகுதியில் உங்கள் தம்பிக்கும் மனநோய் இருந்ததை எழுதினீர்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார்?
ராயபுரம்

பதில்: கேட்டதற்கு நன்றி அம்மா. அவனுக்கு 20 வயசில் வந்தது. சுவர் பேசுகிறது என்பான். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். நர்சாக இருந்துகொண்டே, தம்பி பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று தெருவில் சொல்லி, வீட்டுக்குள் வைத்திருந்தேன். என் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா பயந்தார். அதைவிட அதிகமாக நான் பயந்தேன். வைத்தியம் ஒரு வருடம் தாமதமானது என்னால்தான்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு நாள் நேராக உள்ளே வந்து, "பம்பாயிலேர்ந்து வந்துட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவனுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டார். மறுநாள் எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவர்தான். மாத்திரையை வீட்டில் கொடுத்தால் துப்பிவிடுவான். ஆயா அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்று கூப்பிடுவார். கையில் ஒரு வாழைப்பழம் இருக்கும். 19 வருடம், அவர் கண் மூடும் வரைக்கும்.

தம்பிக்கு இப்போது 58 வயசு. இஸ்திரி வண்டி வைத்திருக்கிறான். மாத்திரை இன்னும் உண்டு, அந்தப் பாட்டிலும் அவனிடம்தான் இருக்கிறது. சில நாள் சத்தம் கேட்கும் என்பான், கேட்டால் கேட்டுட்டுப் போகட்டும் என்று துணி மடித்துக்கொண்டிருப்பான். போன வாரம், எங்கள் தெருப் பையன் ஒருவனை முதல் முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். என்னை இருக்கச் சொல்லிவிட்டு, வண்டியை மூடி, தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு இவனே கூடப் போனான். இரண்டு மணிக்கு வந்தார்கள். "சீட்டு வாங்கத்தான் லேட்டாச்சு. அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேன்" என்றான். "அடுத்த மாசமும் நானே போறேன்."